பக்கத்து வீட்டுக்குப் போன கரண்ட்

அந்த வயர் தையலக்காவின் அடுப்படியில் தொடங்கி, சுவரில் போட்ட துளை வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் போனது. அது போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அவரைக் குடியிருப்பில் எல்லோரும் ஹாரன் என்பார்கள். பஸ் ஓட்டிய காலத்தில் அவர் தொண்டையைத் திறந்தால் தெருமுனை வரை ஆள் விலகும். இப்போது நுரையீரல் கைவிட்டுவிட்டது. பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லை. ஆஸ்பத்திரியில் காற்றுத் தரும் மெஷின் ஒன்றை இரவலாகக் கொடுத்து, இதை நிறுத்தவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், பில் கட்டவில்லை என்று கரண்டை வெட்டியிருந்தார்கள். இல்லாதப்பட்டவர்களின் கரண்ட் பில்லுக்கு அரசாங்கம் உதவி தருகிறது, எழுதிப் போடுங்கள் என்று குடியிருப்பே முன்னமே சொல்லிப் பார்த்தது. ஸ்டியரிங் பிடித்த கையை யார் முன்னாலும் நீட்ட மாட்டேன் என்றுவிட்டார் மனிதர்.

துணி தைத்துப் பிழைக்கும் தையலக்கா யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. பெயிண்டரான தன் கணவனைக் கொண்டு சுவரில் துளை போட்டு வயரை இழுத்தாள். தன் வீட்டுக் கரண்ட் என்று சொன்னால் ஹாரன் பிடுங்கி எறிவார் என்று தெரியும். ஆகவே வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டாள்.

"அண்ணே, மூச்சு மெஷின் வச்சிருக்கவங்களுக்கு அரசாங்கமே கரண்ட் குடுக்குதாம். உங்க லைன் சரியாகற வரைக்கும் எங்க வீட்டு வழியா விட்டிருக்காங்க."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். குழாயை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டார். மெஷின் உறுமத் தொடங்கியது. பொய் சொன்னதற்காகத் தையலக்கா அன்று ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டாள். வயரை மட்டும் பிடுங்கவில்லை.

அந்த மெஷினுக்கு ராத்திரி பகல் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தையலக்காவின் பில் ஏறிக்கொண்டே போனது. மழை பிடித்துக்கொண்டதால் பெயிண்டருக்கும் வேலை இல்லை. பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம்கள் பாதி தைத்தபடி குவிந்து கிடக்கையில், அவள் வீட்டுக் கரண்டையும் வெட்டப்போவதாக எச்சரிக்கை வந்தது. கரண்ட் இல்லாவிட்டால் தையல் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலோ மூச்சே ஓடாது.

உதவி கேட்பதில் தையலக்காவுக்குக் கூச்சம் இருக்கவில்லை. ஒரு சோப்புக் கட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறோம், நாம் தொட்டியில் ஊற்றிய தண்ணீர்தானே நம் குழாயில் வருகிறது என்பது அவள் கட்சி. அந்தக் கரண்ட் உதவிக்கு எழுதிப் போட்டாள். இரண்டு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு தையல் மோட்டார் உள்ள வீட்டில் இவ்வளவு கரண்ட் எப்படிச் செலவாகும், நேரில் வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

பெயிண்டர் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தான். அடுத்த வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பது குற்றம். உதவியும் போகும், அபராதமும் வரும் என்றான். பார்க்க வருகிறவர்கள் வந்துவிட்டுப் போகும் வரைக்குமாவது வயரைக் கழற்றி வை என்று கெஞ்சினான்.

"நீங்க அதுவரைக்கும் மூச்சு விடாம உக்காந்து காட்டுங்க, கழட்டி வைக்கறேன்" என்றாள் தையலக்கா.

அவன் எழுந்து வாசலுக்குப் போய் நின்றான்.

உதவி அலுவலகத்திலிருந்து வந்தவள் சின்ன வயதுப் பெண். மழையில் நனைந்த பையின் வார் பிய்ந்து தொங்கியது. கொடுங்கள், ஒரு தையல் போட்டுத் தருகிறேன் என்று தையலக்கா கை நீட்டினாள். "இப்ப வேணாம்க்கா, லஞ்சம் ஆயிடும்" என்று சிரித்துவிட்டு, விளக்கையும் ஃபேனையும் மோட்டாரையும் பார்த்து எழுதியபடி அவள் அடுப்படிக்குள் வந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. அதிலும் அந்தப் பூசணிக்காய் சுவருக்கு அந்தப் பக்கம் உறுமிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? தையலக்கா மறைக்கவும் இல்லை. துளை போட்டதிலிருந்து பொய் சொன்னது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, என்ன வருகிறதோ வரட்டும் என்று நின்றாள்.

அந்தப் பெண் வயரைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. கையை உதறிக்கொண்டே கேட்டாள்:

"மூச்சு மெஷினுக்கு அரசாங்கம் கரண்ட் குடுக்குதுன்னு யார் உங்களுக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம். நானா இட்டுக்கட்டினது."

"அது நெஜம்க்கா."

அப்படி ஒரு உதவி இருக்கத்தான் இருந்தது. டாக்டர் சீட்டு இருந்தால் வெட்டிய லைனைத் திருப்பிக் கொடுப்பார்கள், பில்லிலும் ஒரு பங்கை ஏற்பார்கள், பழைய பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். அதைச் சொல்லும் அறிவிப்பை அலுவலகத்தில் பீரோவுக்குப் பின்னால் ஒட்டியிருந்ததால் யாரும் கேட்டு வருவதில்லை. இந்தச் சூட்டில் வயர் ஒருநாள் தீப்பிடிக்கும், இன்றைக்கே எடுத்தாக வேண்டும். அதற்கு முன்னால் அவருடைய லைன் வர வேண்டும். அதற்கு அவரே கையெழுத்துப் போட வேண்டும் என்றாள் அந்தப் பெண்.

அங்கேதான் தையலக்கா தயங்கினாள். பொய்யை ஒப்புக்கொண்டதும் அந்த ரோஷக்காரர் வயரைப் பிடுங்கிவிட்டால்? ஆண்டவனே, என் வாயில் நீயே பேசு என்று வேண்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஹாரன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். மூக்கில் குழாய். அறை புழுங்கியது, ஃபேன் ஓடவில்லை. இருட்டில் மெஷினின் சின்னப் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. தையலக்கா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் மூச்சு மூச்சாகப் பதில் சொன்னார்.

"அம்மாடி... வண்டி ஓட்டினவன் நான். வயர் எங்கேருந்து வருதுன்னு... எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏண்ணே பேசாம இருந்தீங்க?"

"உசுரோட இருக்க ஆசையா இருந்துச்சு. கேக்க வாய் வரல. நீ... கேக்காமயே குடுத்துட்ட." கொஞ்சம் நிறுத்தி, "அதான் ஃபேன் போடல. உன் மீட்டர் ஓடுமே" என்றார்.

தையலக்காவுக்குக் கண் நிறைந்தது. இத்தனை நாளும் இந்தப் புழுக்கத்திலா? சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, டிக்கெட் எடுத்து ஏறினவங்கள நீங்க என்னைக்காவது கைநீட்டறவங்கன்னு சொன்னீங்களா? வேலைக்குப் போன காலம் பூரா வரி கட்டினீங்க. டிக்கெட் எப்பவோ எடுத்தாச்சு. கம்முனு சீட்டுல உக்காருங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி அடங்கியது. டாக்டர் சீட்டை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் தாளைத் தன் பையின் மேல் வைத்துப் பிடித்துக்கொள்ள, ஸ்டியரிங் பிடித்த கை கையெழுத்துப் போட்டது.

அவள் அங்கிருந்தே போன் செய்து, உயிர் விஷயம் என்று மின் அலுவலகத்தை விடாமல் பிடித்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் லைன்மேன் வந்து கரண்ட் கொடுத்துவிட்டார். தையலக்கா வீட்டில் கரண்ட் அதிகம் செலவானது பக்கத்து வீட்டு மெஷினால்தான் என்று எழுதி, வயரை எடுத்ததையும் கண்ணால் பார்த்ததாகச் சேர்த்தாள் அந்தப் பெண். உதவி உண்டு, அபராதம் இல்லை என்று அடுத்த வாரமே பதில் வந்தது. அதைச் சொல்ல நேரில் வந்தவளின் பையைத் தையலக்கா உரிமையோடு பிடுங்கி, வாருக்கு இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள். இந்த முறை அவள் லஞ்சம் என்று சொல்லவில்லை.

வயரை எடுத்த அன்றே பெயிண்டர் துளையை அடைக்கச் சிமெண்டு குழைத்துக்கொண்டு வந்தான். துளைக்கு அந்தப் பக்கம் ஃபேன் கடகடவென்று சுற்றும் சத்தம் கேட்டது. அதற்கும் மேலாக, பழைய தொண்டையில் பாதி கூட இல்லாத ஒரு குரல்:

"அம்மாடி, போலாம் ரைட்."

தையலக்கா மோட்டாரை முடுக்கி, பாதியில் நின்ற யூனிஃபார்மைத் தைக்கத் தொடங்கினாள்.