கிழிசல் இல்லை

லாண்டரிக்காரர் பதினொரு நாளாக மனைவியோடு பேசவில்லை. காரணம் ஒரு சட்டை.

ஊர்வலத்தில் கூட்டத்தோடு கூட்டமாகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன மகன், சிறையில் கலவரம் நடந்த மறுநாள் பிணமாக வந்தான். கலவரத்தில் இரும்புக் கம்பியோடு காவலர்மேல் பாய்ந்தானாம், வேறு வழியில்லாமல் நெஞ்சில் சுட்டார்களாம். கரப்பான்பூச்சியைக் கண்டாலே அம்மாவைக் கூப்பிடுகிற பையன் அவன். சொல்கிறவர்களுக்கு நாக்கு கூசவில்லை.

இரண்டு நாள் கழித்து சிறைவாசலில் அவனுடைய பையைக் கொடுத்தார்கள். 'சுடப்பட்டபோது அணிந்திருந்த சட்டை ஒன்று' என்று பட்டியலில் இருந்தது. பையை வீட்டில் வைத்துவிட்டு வக்கீலைப் பார்த்துத் திரும்பினால், சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அழுக்குத்துணி கண்ணில் பட்டால் வாளியைத் தேடுகிற கை அவளுக்கு. மகன் சட்டை என்றால் சும்மா இருக்குமா?

"இருந்த ஒரே சாட்சியையும் துவைச்சுத் தொலைச்சிட்டியேடி!" என்று கத்தியவர்தான், அதோடு வாயை மூடிக்கொண்டார்.

மகன் சாவைப் பற்றிய விசாரணைக்குக் கிளம்பும் காலையில் அவளே ஆரம்பித்தாள்.

"ஏங்க, பேசுங்க, பேசாம போங்க. இத மட்டும் கேட்டுக்கங்க. நெஞ்சுல சுட்டோங்கறாங்க. காலர்லேர்ந்து ஓரம் வரைக்கும் இந்தக் கையாலதான் தேய்ச்சேன். கலவரத்துப் புகைக்கரிதான் போச்சு. ரத்தம் இல்ல, ஒரு ஓட்டை இல்ல."

அவர் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கடைப்பையைத் துழாவினார். அதில் அவர் யாரிடமும் சொல்லாத ஒரு வெட்கக்கேடு இருந்தது.

விசாரணை அறையில் ஓய்வுபெற்ற நீதிபதி சட்டையைப் புரட்டிப் பார்த்தார். சிறைத்தரப்பு வக்கீல் சிரித்தே விட்டார்.

"துவைச்சுத் தேய்ச்ச சட்டை ஐயா. ஓட்டையைத் தச்சிருக்கலாம், சட்டையையே மாத்தியிருக்கலாம். லாண்டரியில சட்டைக்கா பஞ்சம்?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். லாண்டரிக்காரர் எழுந்து, துணி வாங்கும்போது எழுதும் சீட்டுப் புத்தகத்தைக் கடைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

நீதிபதி வாய்விட்டுப் படித்தார். "வெள்ளைச் சட்டை ஒன்று. காலரில் கைதி எண் 412. மூன்றாவது பொத்தான் உடைசல். புகைக்கறை. கிழிசல், ஓட்டை இல்லை." கீழே சிறை எழுத்தரின் கையெழுத்தும் தேதியும் இருந்தன. "பெத்த பிள்ளையோட சட்டைக்கா சீட்டு எழுதினீங்க?"

"பழக்கமுங்க. துணியை வாங்கும்போதே பாத்து எழுதிக் கையெழுத்து வாங்கலேன்னா, பின்னால கிழிசலை நம்ம தலையில கட்டிடுவாங்க. அன்னிக்குச் சிறைவாசல்ல கண்ணு தெரியலைங்க, கை எழுதிடுச்சு. அப்பனா நீன்னு என்னையே நான் காறித் துப்பிக்கிட்டேன்."

மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். உடைந்த அந்தப் பொத்தான் சட்டையில் அப்படியேதான் இருந்தது.

நீதிபதி வக்கீல் பக்கம் திரும்பினார்.

"நாலு மணிக்குக் கலவரம் அடங்கிச்சு, எல்லார் சட்டையையும் கழட்டச் சொல்லி வரிசையா உட்கார வச்சோம்னு உங்க அறிக்கையிலயே இருக்கு. நெஞ்சுல குண்டு, சட்டையில ஓட்டை இல்ல. அப்போ இந்தப் பையனைச் சுட்டது எப்போ?"

 

கலவரத்தன்று பணியில் இருந்த காவலர்கள் அத்தனை பேரையும் அழைத்து வரச் சொன்னார் நீதிபதி. வழக்கு முடியும்வரை சட்டை இங்கேதான் இருக்க வேண்டும் என்றார். அங்கிருந்த எழுத்தர் அதை எடுக்கக் கை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க" என்று லாண்டரிக்காரர் புதுச் சீட்டு எடுத்தார். எண், பொத்தான், காலர் எல்லாம் எழுதினார். கறை என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பதினொரு நாள் கழித்து மனைவியிடம் வாயைத் திறந்தார்.

"வேற என்ன எழுத?"

"இனிமே யாரும் துவைக்கக் கூடாதுன்னு எழுதுங்க" என்றாள்.

எழுதி, எழுத்தரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.