அதே சிவப்பு

சிவப்புக் காரைக் கேட் தூணில் உரசிய சங்கதி மனைவிக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும் என்று கணக்கு வாத்தியாருக்குத் தெரியும். அவள் கடைக்குப் போனதும், டச்சப் பெயிண்டும் தின்னருமாகக் கார்க் கதவருகே உட்கார்ந்தார்.

பெயிண்ட் பெயர்ந்த இடத்தைச் சுற்றித் தின்னர் துணியால் துடைத்தபோது, பக்கத்தில் இன்னும் மூன்று இடங்களில் சிவப்பு கரைந்து வந்து, தகரம் பல்லிளித்தது. துணியில் ஒட்டியது அவள் கால் நகங்களில் தினமும் பார்க்கிற அதே சிவப்பு. போன வாரம்கூட, ‘உங்களுக்கு வண்டி ஓட்டவே வரல’ என்று சொன்ன மகராசி.

நான்கு இடத்திலும் பெயிண்டைத் தொட்டு வைத்தார்.

திரும்பி வந்தவள் பையை இறக்காமலே கதவைப் பார்த்தாள்.

“நெயில் பாலிஷா?” என்றார் அவர்.

“ஆறு மாசமா உங்களுக்குத் தெரிஞ்சுதா? நீங்க அடிச்ச பெயிண்ட் தெருமுனையிலேயே தெரியுது.”