வலது கன்னம்

மாரிக்கனி கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சில மாதங்களிலேயே மாமியார் நாராயணி அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஒரே நாளில் நின்றுவிடவில்லை. முதலில் பேச்சு சுருங்கியது. பிறகு வெறும் தலையசைப்பு. கடைசியில், மருமகள் எதிரே வந்தாலே சேலைத் தலைப்பை வலது கன்னத்துப் பக்கம் இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதும் நின்றது. மாரிக்கனி ஃபேன் போட்டால் எழுந்து வந்து அதை அணைத்தாள்.

காரணம் என்னவென்று மாரிக்கனி கேட்கவில்லை. கேட்காமலே தெரியும் என்று நினைத்தாள். அவள் சேத்தூர்க்காரி, வேறு சாதி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கணவன் நம்பி ஃபிட்டர், அவள் டைம் ஆபீஸில் வேலை. ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் முடித்தபோது இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. ஒரு மாதம் கழித்து நாராயணிதான் மனசு இறங்கி, "வீடு இருக்கும்போது எதுக்கு வாடகைக்கு இருக்கிய? வாங்க" என்று கூப்பிட்டாள். கணவர் தாமோதர் இறந்த பிறகு ஜாக்கெட் தைத்தே மகனை ஆளாக்கியவள். தைக்கக் கொடுக்க வரும் பெண்களிடம் மணிக்கணக்காகப் பேசுகிறவள்.

அப்படிப்பட்டவள் பேசவில்லை என்றால் வேறு என்ன அர்த்தம்?

பல் வலி என்று நம்பி சொன்னான். பஜாரில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போய் மேல் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள். அப்போதும் போகவில்லை. ராஜபாளையத்தில் காது மூக்கு தொண்டை டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து சைனஸ் என்றார். ஆவி பிடிக்கச் சொன்னார். முகத்தில் ஆவி பட்டதும் நாராயணி துள்ளி விழுந்து, சட்டியைத் தட்டிவிட்டு அடுப்படியை விட்டே ஓடினாள்.

ஒரு சாயங்காலம் மாரிக்கனி மில் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவுக்குள் வரும்போது மாமியாரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டு வெள்ளத்தாயோடு வாசலில் நின்று கலகலவென்று பேசிக்கொண்டிருந்தாள். மாரிக்கனி கிட்டே வந்ததும் பேச்சு நின்றது. முகம் இறுகியது. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

"நல்லாத்தான பேசிக்கிட்டிருந்தாவ" என்றாள் வெள்ளத்தாய், மாரிக்கனியை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு.

அன்று மாரிக்கனிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வலியால் பேசாமல் இருக்கிறாளா, பேசப் பிடிக்காமல் வலி என்று சொல்கிறாளா?

அதற்கடுத்த வாரம் மூன்று பேருமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் வயசானவர், வெளியே கூட்டம் இருந்தது. நம்பி பல் பிடுங்கியதையும் சைனஸையும் சொன்னான். அவர் ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, "எல்லாம் நார்மல். வீட்டுல ஏதும் பிரச்சினையா? புதுசா ஏதாவது மனசுக்குப் பிடிக்காதது நடந்துச்சா?" என்று கேட்டார்.

நாராயணி வாயைத் திறந்தாள். உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது.

டாக்டர் நம்பியைப் பார்த்தார். நம்பி குனிந்துகொண்டான். ஒரு வார்த்தை, 'அப்படியெல்லாம் இல்ல சார்' என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று மாரிக்கனி காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நம்பி அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "கொஞ்ச நாளைக்கு உங்க வீட்டுல போய் இரேன். அம்மாவுக்குச் செத்த சரியாகட்டும்."

"என்னாலதான்னு நீங்களும் நினைக்கியளா?"

"நான் ஒண்ணும் நினைக்கல. டாக்டர் சொல்லுதாரு."

மறுநாள் அவள் பையை எடுத்துக்கொண்டு சேத்தூர் பஸ் ஏறினாள். பிறந்த வீட்டில் அப்பா வேலுசாமி வாசலில் நின்று, "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டு வயலுக்குப் போனார். அதில் சந்தோஷம் இருந்ததா, குத்தல் இருந்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அங்கிருந்தே மில்லுக்குப் போய் வந்தாள். மில்லில் நம்பியைத் தூரத்தில் பார்த்தால் வேறு வழியாகப் போனாள்.

ஆனி மாசம். மலையிலிருந்து காற்று ஓயாமல் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் எல்லோரும் வெளியே போயிருந்த நேரம், வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. தலையையும் முகத்தையும் சேர்த்துத் துண்டால் சுற்றிக்கொண்டு ஒரு பெண். கண்ணைப் பார்த்த பிறகுதான் மாரிக்கனிக்கு அடையாளம் தெரிந்தது.

"அத்தை!"

நாராயணி கதவைச் சாத்தச் சொல்லிக் கை காட்டினாள். துண்டை மெதுவாக அவிழ்த்தாள். "உன் மேல..." என்று தொடங்கினாள். அவ்வளவுதான். உடம்பே விறைத்துக்கொண்டது. வலது கை கன்னத்தை நோக்கிப் போய், தொடாமல், ஒரு விரல்கடை தள்ளி அந்தரத்தில் நின்றது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. மாரிக்கனி இதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்சத்தில் அது விட்டது. நாராயணி மூச்சு வாங்கினாள்.

"இனி செத்த நேரம் வராது. அதுக்குள்ள பேசிக்கிடுதேன். உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லட்டி. நீ போனது எனக்குத் தெரியாது. தூக்க மாத்திரையப் போட்டுக் கிடந்தேன். எந்திரிச்சுப் பாத்தா ஆளக் காணோம்."

"அப்ப ஏன் அத்தை பேசல?"

"பேசுனா வெட்டுது. கரண்டு கம்பியப் பல்லுல வச்ச மாதிரி. காத்துப் பட்டா வெட்டுது, மூஞ்சி கழுவுனா வெட்டுது. ஒரு வாய் சோறு திங்கப் பயமா இருக்கு. சில நேரம் ஒண்ணுமே இருக்காது, நல்லாப் பேசுவேன். எப்ப வரும்னு எனக்கே தெரியாது."

"இத டாக்டர்ட்ட சொல்லலியா?"

"எங்க? பல்லானு கேட்டாவ, ஆமான்னேன். நம்பிதான் பேசுதான். நான் வாயத் தொறந்தா வெட்டுது." அவள் மாரிக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு பல்லையும் புடுங்கச் சொல்லுட்டி. எல்லாத்தையும் புடுங்கட்டும். என்னால முடியல."

மறுநாள் மாரிக்கனி மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு மாமியாரை ராஜபாளையத்தில் வேறொரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். இளம் பெண் டாக்டர். நாராயணி இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தினாள். விட்ட இடத்தை மாரிக்கனி எடுத்துச் சொன்னாள். டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றிலும் வலி இல்லை. பிறகு ஒரு பஞ்சுத் துணுக்கால் மூக்கோரத்தில் லேசாகத் தொட்டார். நாராயணி அலறிவிட்டாள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா" என்று டாக்டர் கையை எடுத்துக்கொண்டார். "நான் பல்லப் புடுங்க மாட்டேன். பல்லு நல்லா இருக்கு. இது முகத்துக்கு வர்ற நரம்புல உள்ள கோளாறு மாதிரி தெரியுது. நீங்க பாக்க வேண்டியது நரம்பு டாக்டர. மதுரைக்குப் போங்க. தள்ளிப் போடாதீங்க."

நம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. "இன்னும் எத்தன டாக்டர்? ஆளுக்கொண்ணு சொல்லுதாவ" என்றான். "நீங்க வராட்டா பரவால்ல, நாங்க போறோம்" என்றாள் மாரிக்கனி. அவர்கள் இருவருமாகத்தான் போனார்கள்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் காலையிலிருந்து காத்திருந்து உள்ளே போனபோது, நரம்பு டாக்டர் நாராயணியைப் பார்த்தே கேள்வி கேட்டார். பாதியில் வலி வெட்டியது. அவர் வேறு யாரிடமும் கேட்கவில்லை. "விடட்டும். பொறுமையா சொல்லுங்க" என்று காத்திருந்தார். மாத்திரை எழுதினார், ஸ்கேனும் எழுதினார்.

"அப்ப ரெண்டு பல்லும் வீணாப் போச்சா சார்?" என்று கேட்டாள் நாராயணி.

"வலி பல்லுலதாம்மா தெரியும். பல்லைப் புடுங்கிட்டுத்தான் நெறைய பேரு இங்க வாராங்க" என்றார்.

மாத்திரைக்கு வலி கேட்டது. ஒரு வாரத்தில் நாராயணி முகம் கழுவினாள். சோற்றை மென்று தின்றாள். ஆனால் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. தைக்க வந்த துணியெல்லாம் அப்படியே திரும்பிப் போனது. பேசினாள், ஆனால் நாக்கு குழறியது. மாரிக்கனி திரும்பி வந்திருந்தாள். நம்பியிடம் வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் பேசினாள்.

ஐப்பசியில் மழைக்காற்று தொடங்கியதும் வெட்டு மறுபடி வந்தது, முன்னளவுக்கு இல்லை. இந்தத் தடவை நம்பியும் மதுரைக்கு வந்தான். ரத்தக்குழாய் ஒன்று நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம், கேட்காவிட்டால் தலையில் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம் என்றார் டாக்டர். நாராயணி அந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்துவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் நம்பி உட்கார்ந்து காற்று வராதபடி கண்ணாடியை இறக்கி மூடினான். நடுவில் மாரிக்கனி. அவள் தோளில் சாய்ந்து நாராயணி மாத்திரை மயக்கத்தில் தூங்கினாள்.

"அன்னைக்கு அந்த டாக்டர் அப்படிச் சொன்னாருன்னுதான்..." என்றான் நம்பி.

"அவரு சொல்லல. கேட்டாரு. பதில் நீங்கதான் சொல்லியிருக்கணும்."

கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது நாராயணி கண் விழித்தாள்.

"ஏட்டி கனி, தலைக்குள்ள கை வச்சா பேச்சுப் போயிருமா?"

"தெரியல அத்தை. கேப்போம்."

"நீ கேக்க வேண்டாம்" என்றாள் நாராயணி, நாக்கு குழற. "வலி இல்லாத நேரமாப் பாத்து நானே கேக்கேன்."