இரண்டு வெடி

சவப்பெட்டியின் மூடியை இறக்க வந்தவரைக் கையமர்த்திவிட்டு, பாஸ்டர் க்ளெட்டஸ் ரோண்டாவிடம் குனிந்தார்.

"ஒரே ஒரு பீப்தான்மா. கிளப்பு ஆளுங்க ஆசைப்படுறாங்க."

ரோண்டா கோட்டுப் பைக்குள் இருந்த கருவியை இறுகப் பிடித்தாள். கைத்துப்பாக்கிப் போட்டியில், சுடுகிறவருக்குப் பின்னால் நின்று பிடிப்பது. பொத்தானை அழுத்தினால், சுடத் தொடங்கச் சொல்லி பீப்பென்று கத்தும். பிறகு கேட்கிற ஒவ்வொரு வெடியின் நேரத்தையும் குறித்துக்கொள்ளும். காது உண்டு, மூளை கிடையாது. ஒருமுறை பாஸ்டர் தும்மியதையும் வெடியென்று எழுதிக்கொண்டு அவரைக் கடைசி இடத்துக்குத் தள்ளியது.

பெட்டிக்குள் படுத்திருந்த அவள் அப்பா வெண்டல், ஐடஹோ மலையடிவாரத்து கிளப்பில் இருபத்தாறு வருடம் போட்டி நடத்தியவர். துப்பாக்கியின் வாய் பின்பக்கம் திரும்பினால், எந்தக் கொம்பனும் அன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஷெரிஃபை அனுப்பினார். பாஸ்டரை மூன்று தடவை. தன் கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளைத் தோழனையே அனுப்பிவிட்டு, தோழன் இல்லாமல் மோதிரம் மாற்றினார். மாமனார் தப்பித்ததற்குக் காரணம், அவர் சுட வரவில்லை.

போன சனிக்கிழமை, ஆறு வெடியில் இரண்டு முடித்துத் திரும்பும்போது வெண்டலின் கை நடுங்கியது. துப்பாக்கி வாய் பின்னால் வந்தது. கருவியோடு நின்ற ரோண்டா மட்டும்தான் பார்த்தாள்.

"ஸ்டாப்!"

அவர் குண்டுகளைக் கழற்றி, துப்பாக்கியின் அறையைத் திறந்து காட்டினார்.

"காலி. பாத்தியா?"

"பாத்தேன்பா."

விதிப்படி அறைக்குள் நன்றாக உற்றுப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வீட்டுக்குப் போய், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். மைதானத்திலேயே இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம்; சுடுகிறவர்கள் வரிசையில் இரண்டு நர்சுகள் நின்றார்கள்.

"நானா இருந்தா கண்டுக்காம விட்டிருப்பேன்," என்றார் முன்வரிசையில் இருந்த ஹார்லன், அப்பாவின் பழைய சிநேகிதர்.

"நீ குறிப்பலகையையே கண்டுக்க மாட்டியேப்பா. பேசாம இரு," என்றார் பாஸ்டர்.

யாரோ சிரித்து, அவசரமாக இருமலாக மாற்றிக்கொண்டார்.

"என்னம்மா யோசிக்கிற?"

"இதுல அப்பாவோட அந்த ரெண்டு வெடி இருக்கு, பாஸ்டர். அழுத்தினா அழிஞ்சிடும்."

பாஸ்டர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "கார்ல இன்னொண்ணு கிடக்கு. எடுத்தாரச் சொல்லவா?"

ரோண்டா கருவியைப் பைக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள்.

"வேணாம்."

பின்வரிசையில் கிளப் ஆட்கள் பதினோரு பேர் எழுந்து, கறுப்புக் கோட்டோடு காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டார்கள். ரோண்டா பெட்டிக்கு அருகே போய் நின்றாள்.

"ரெடியா?"

பதில் வராவிட்டால் தயார் என்று எடுத்துக்கொள்வது விதி. அப்பா பதில் சொல்லவில்லை. இந்தத் தடவை அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

கருவி கத்தியது. திரையில் எல்லாம் பூஜ்யமானது.

காத்திருந்தவர் முன்னால் வந்து மூடியை இறக்கினார். கடைசியில் கை நழுவி, அது தட்டென்று விழுந்தது.

ரோண்டா குனிந்து திரையைப் பார்த்தாள். ஒரு வெடி. ஏழு புள்ளி மூன்று இரண்டு நொடி.

கருவியை அணைக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.