ஆள் வந்தால்தான் இறங்கலாம்

கப்பல்காரனைக் கட்டிக்கொண்டால் காத்திருக்கத் தெரிய வேண்டும் என்று மேலப்பாளையத்தில் ரைஹானத்துக்கு எல்லாரும்தான் புத்தி சொன்னார்கள். யாரிடம் எதைச் சொல்லி அழக் கூடாது என்று மட்டும் ஒருத்தியும் சொல்லித் தரவில்லை. தன்மேலேயே எரிச்சலோடு அவள் கைக்குழந்தை மர்வாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முக்கூடல் பஸ்ஸில் ஏறினாள்.

அவள் புருஷன் அஃப்சலுக்கு அரசாங்கக் கப்பல் கம்பெனியில் வேலை. சமையல் காஸ் ஏற்றி வரும் கப்பலில் பம்ப்மேன். அங்கே ஒரு சட்டம் உண்டு. மாற்று ஆள் வந்து ஏறினால்தான் இருக்கிற ஆள் இறங்கலாம். காஸ் கப்பலில் பம்பைப் பார்க்க ஆளில்லாமல் ஒரு பொழுதும் விடமாட்டார்கள். ஒப்பந்தம் முடிந்து எவ்வளவோ நாளாயிற்று. வளைகுடாவில் சண்டை மூண்டு, வெளியே வர வழியில்லாமல் கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. தலைக்கு மேலே என்னென்னவோ பறக்கிறது, காலுக்குக் கீழே தொட்டி தொட்டியாகக் காஸ். பெற்ற மகளையே அவன் இன்னும் போனில்தான் பார்த்திருக்கிறான், பாவம்.

மாற்று ஆள் வேறு யாருமில்லை, முக்கூடல் சுந்தர்தான். அஃப்சலோடு ஒரே கப்பலில் கிடந்தவன். இவர்கள் கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி ஓடி ஓடிப் பரிமாறியவன். துபாய் வரை விமானம், அங்கிருந்து படகு என்று கம்பெனி எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டது. இன்னும் கிளம்பக் காணோமே என்று ரைஹானத் அவன் அம்மா பிரம்மநாயகிக்குப் போன் போட்டாள். மனமிரங்கிச் சீக்கிரம் அனுப்புவாள் என்று நினைத்து, பக்கத்துக் கப்பல் பற்றி எரிந்ததையும், அஃப்சல் மச்சான் மிதவைச் சட்டையோடு தூங்குவதையும் ஒன்றுவிடாமல் சொல்லி அழுதாள். கேட்டுக்கொண்டிருப்பவளும் பிள்ளை பெற்றவள் என்பது அந்த அழுகையில் அவளுக்கு மறந்தே போயிற்று.

பிரம்மநாயகி போனை வைத்தாள், மகனை நேரே அம்மன் கோயிலுக்கு இழுத்துப்போனாள். கோயில் கொடைத் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கிறான் என்று சொல்லி, அவன் கையில் மஞ்சள் காப்பைக் கட்ட வைத்துவிட்டாள். காப்புக் கட்டியவன் கொடை முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. விமானமோ நாளைக்கு. அதை விட்டால் கம்பெனி அடுத்த ஆளை எப்போது பிடிக்குமோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். சேதி காதுக்கு எட்டியதும்தான் ரைஹானத் இந்த பஸ்ஸைப் பிடித்தாள்.

“வா தாயி, இந்த வெயில்லயா பிள்ளையத் தூக்கிக்கிட்டு வருவாக?” என்று பிரம்மநாயகி வீட்டு வாசல் நடையிலேயே மர்வாவை வாங்கி, உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டாள். சுந்தர் உள்ளேயிருந்து வந்து சுவரோரம் நின்றான். ரைஹானத்தின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

ரைஹானத் சுற்றி வளைக்கவில்லை. “யம்மா, அண்ணனை அனுப்பி வைங்க. அவுக போனாத்தான் மச்சான் இறங்க முடியும்.”

“காப்பு கட்டியாச்சே தாயி. அம்மன் குத்தம் ஆயிரும்லா.”

“நான் போன் போட்ட அன்னைக்குத்தானம்மா கட்டுனீக?”

பிரம்மநாயகி மறைக்கவில்லை. “ஆமா, அன்னைக்குத்தான். அங்கன கப்பல் எரியுதுன்னு நீதானே சொன்ன? எரியுத எடத்துக்கு எவளாவது பிள்ளைய அனுப்புவாளா? எனக்கு இருக்கது இவன் ஒருத்தன்தான்.”

“எனக்கும் மச்சான் ஒருத்தர்தான்மா” என்றாள் ரைஹானத்.

சுந்தர் அப்போதுதான் வாயைத் திறந்தான். “அம்மைய ஒண்ணும் சொல்லாத தங்கச்சி. எனக்குத்தான் பயம். காப்பு நல்ல சாக்காப் போச்சு. கம்பெனிக்குக் காய்ச்சல்னு சொல்லி வச்சிருக்கேன், டிக்கெட்டு இன்னும் ரத்தாவல. ‘எப்பலே வாற’ன்னு அஃப்சல் தெனமும் கேக்குதான். நான் பதிலே சொல்லல. இங்கன சோறு எறங்க மாட்டேங்கு.”

சொன்னவன் மணிக்கட்டை வாயருகே கொண்டுபோய்க் காப்புக் கயிற்றைக் கடித்தான்.

“ஏலே, அறுக்காதலே! அம்மன் சும்மா விடமாட்டா!” பிரம்மநாயகி கத்தினாள். மடியில் பிள்ளை இருந்ததால் அவளால் சட்டென்று எழ முடியவில்லை.

‘வேண்டாம் அண்ணே’ என்ற சொல் ரைஹானத்தின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கிவிட்டாள். கயிறு அறுந்து, மஞ்சள் துண்டு தரையில் விழுந்தது.

“நாளைக்குக் கெளம்புதேன். அஃப்சல்கிட்ட சொல்லிரு” என்றான் சுந்தர்.

ரைஹானத்துக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அது வெட்கங்கெட்ட சந்தோஷம். எதிரே ஒரு தாய் விக்கி விக்கி அழும்போதும் அடங்கவில்லை. தெருவுக்கு ஓடிப்போய் மச்சானைக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. இந்த வீட்டை விட்டு முதலில் வெளியேற வேண்டும். அவள் கையை நீட்டினாள். “தாங்கம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

பிரம்மநாயகி கொடுக்கவில்லை. மர்வாவை மாரோடு சேர்த்து அணைத்தாள். பிள்ளை நெளிந்தது, பிறகு வீரிட்டு அழுதது.

“யம்மா, பிள்ளையக் குடு!” சுந்தர் அதட்டினான்.

“எம்பிள்ளை போய்ட்டு வந்து இறங்கட்டும்” என்றாள் பிரம்மநாயகி, அழுகை நின்றுபோன குரலில். “அப்புறம் இவளத் தாரேன்.”

பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம். வயதானவளின் கைதானே, எவ்வளவு நேரம் தாங்கும்? ஆனால் அவள் மகனை எரிகிற இடத்துக்கு அனுப்ப வைத்துவிட்டு, எந்த முகத்தை வைத்துக்கொண்டு பிடுங்குவது? பஸ் போனால் போகட்டும் என்று ரைஹானத் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, பிரம்மநாயகியின் காலருகே தரையில் உட்கார்ந்தாள்.