ஆணியில் ஒட்டிய யசுஜி

இறந்தவர்கள் வீடு வந்து தங்கும் ஓபோன் நாட்கள் முடிந்து, மற்ற வீடுகளுக்கு வந்த இறந்தவர்களெல்லாம் திரும்பிப் போன பிறகும் இரும்பாலை யசுஜி மட்டும் போகவில்லை. செத்த பிறகு அவருக்கு அது முதல் ஓபோன். இறந்தவர்கள் ஏறிவர வீட்டார் குச்சிக் கால் குத்தி வைக்கும் வெள்ளரிக்காய்க் குதிரையில் வேகமாக வந்திருந்தார். மெதுவாகத் திரும்ப வேண்டிய கத்தரிக்காய் மாடு வாசலில் நின்றது. மகள் கியோகோ விடுமுறைப் பாடத்துக்காக இரும்பு ஆணியில் பூச்சுப் போட்ட செப்புக் கம்பியைச் சுற்றி, பேட்டரியில் இணைத்து, குண்டூசிகள் ஒட்டுவதைப் பார்த்துவிட்டு, கழற்றாமலே திருவிழா ஆட்டத்துக்கு ஓடிவிட்டாள். காலமெல்லாம் உலை முன் நின்றவரின் நெஞ்சில் இரும்புத் தூள் நிறைய இருந்தது. வழியனுப்பும் தீ மூட்டியதும் எழுந்தவர், ஆணி இழுக்க, மேசை விளிம்போடு ஒட்டிக்கொண்டார்.

நாளைக்குக் கழற்றலாம் என்றாள் மனைவி ஹருயே. சுற்று கூடினால் இழுப்பும் கூடும் என்று கியோகோ சத்தமாகப் படித்தது அவள் காதில் விழுந்திருந்தது. மகள் விளையாடப் போனதும் இன்னும் கொஞ்சம் கம்பி சுற்றினாள். பேட்டரி இறங்குமுன்பே புதியது மாற்றினாள். பக்கத்து வீட்டு ஒகினுவின் சைக்கிள் தானாக உருண்டு வந்து இவர்கள் சுவரில் சாய்ந்தது.

"எங்க மாமியாரே ஒழுங்கா கெளம்பிட்டாங்க. ஒன் வீட்டுக்காரருக்கு என்ன, விருந்து முடியலையா?" என்றாள் ஒகினு, சைக்கிளைப் பிய்த்தெடுத்தபடி.

"பீர் இன்னும் மிச்சமிருக்காம்க்கா."

யசுஜி சந்தோஷமாகத்தான் இருந்தார். ஆனால் நெஞ்சில் சிதறிக்கிடந்த தூளெல்லாம் ஆணியை நோக்கித் திரளத் திரள, சாவோடு நின்றிருந்த இருமல் திரும்பி வந்தது. கடைசிக் குளிர்காலம் முழுக்க ஹருயே முதுகு தடவிக்கொடுத்த அதே இருமல்.

"வலிக்குதாங்க?"

"கொஞ்சந்தான். நீ பேட்டரிய மாத்து."

கையில் எடுத்த பேட்டரியை அலமாரியிலேயே வைத்துவிட்டு, ஹருயே சந்தைக்குப் போனாள். வந்து, புதுக் கத்தரிக்காய்க்குக் குச்சியால் நான்கு கால் குத்தினாள்.

"நல்ல குண்டு மாடா எடுத்தேன். மெதுவாத்தான் போகும்."

"தெரியுது. இது நடக்குமாங்கறதே சந்தேகம்," என்றார் யசுஜி.

கம்பியை அவள் கையாலேயே கழற்றினாள். குண்டூசிகள் உதிர்ந்தன. யசுஜி மாட்டில் ஏறிக் கிளம்பினார்; இருமல் தெருமுனை வரைகூடக் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் ஆகஸ்டு பிறந்தால் எங்கள் ஊர்க் கடைகளில் ஊதுபத்திக்குப் பக்கத்தில் செப்புக் கம்பியும் வைக்கிறார்கள். இரும்பாலைக் குடும்பங்கள் வாங்கிப் போகின்றன. கடைசி மாலை, ஊரார் தீ மூட்டிய பிறகும் சற்று நேரம் பிடித்து வைத்திருப்பார்கள். முதல் இருமல் கேட்டதும் கழற்றிவிடுவார்கள்.