புதன்கிழமை நாற்காலி

மேனேஜர் தன் வாழ்நாளில் ஒரு நாள்கூட மேனேஜராக இருந்ததில்லை. ஒரு டிராவல்ஸ் ஆபீசில் தலை நரைக்கிற வரைக்கும் டிக்கெட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஜனங்கள் கையிலிருக்கும் போனிலேயே டிக்கெட் போடக் கற்றுக்கொண்டார்கள், ஆபீசை மூடிவிட்டார்கள். அந்தப் பட்டப்பெயர் அதற்கப்புறம்தான், நூலகத்து மாடியறையில் வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அந்த அறையில் வேலை தேடுகிறவர்கள் கூடுவார்கள். நூலகர் அக்காவின் ஏற்பாடு. ஒருவர் அதிகாரியாக உட்காருவார், இன்னொருவர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்லிப் பழகுவார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து குறை சொல்லுவார்கள். குறை சொல்ல யாருக்கும் பயிற்சி தேவைப்பட்டதில்லை. அதிகாரி வேஷம் மட்டும் எப்போதும் இவருக்குத்தான். "உட்காருங்க. முதல்ல தண்ணி குடிங்க. அவசரமே இல்ல. ம், உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று அவர் கேட்டால் நடுங்கிக்கொண்டு வந்தவர்களுக்கும் வாய் திறந்துவிடும். இவரிடம் பழகியே பலர் வேலைக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் எதிர் நாற்காலியில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. ஊருக்கு உபதேசம் செய்வது சுலபம்தானே!

உண்மை என்னவென்றால், 'உங்களைப் பத்திச் சொல்லுங்க' என்ற அந்தக் கேள்விக்கு அவரிடமே பதில் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. தூரத்தில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்டீங்களாப்பா?" என்பாள். "ஆச்சும்மா" என்பார். அத்தோடு முடிந்தது. மற்ற நாட்களில் வீட்டில் பேசுவது ஃப்ரிட்ஜ் ஒன்றுதான், அதுவும் விட்டு விட்டு. ஒரு தடவை காய்ச்சலில் படுத்து மாடியறைக்குப் போகாமல் இருந்தபோது, பேக்கரியில் வேலை போன பையன் பன் பொட்டலத்தோடு கதவைத் தட்டினான். "என்ன சார், ஆளையே காணோம்?" அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மேனேஜர் ஒரு மாதம் ஓட்டினார்.

மாடியறைக்கு ஒரு சட்டம் உண்டு. வேலை கிடைத்தவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும், அப்புறம் வரக் கூடாது. அறை சின்னது, பத்து நாற்காலிதான். ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்கார முடியும். "உங்களை மறுபடி இங்க பாக்கவே கூடாது, அதான் என் ஆசை" என்று சிரித்தபடி அக்கா அனுப்பிவைப்பார்.

இப்படியிருக்க, ஒரு மருத்துவமனையிலிருந்து மேனேஜருக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. போனார். அறைக்குள் அதிகாரி அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எதையோ தேடித் தேடிச் சலித்துப்போய் நின்றிருந்தார். மேனேஜருக்குப் பழக்கதோஷம். "உட்காருங்க. முதல்ல தண்ணி குடிங்க. அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த அம்மா உட்கார்ந்தார். தண்ணீரும் குடித்தார். அப்புறம் சிரிப்பு தாங்காமல், "இங்க வர்ற நோயாளிங்ககிட்டயும் இதையே சொல்லுவீங்களா?" என்று கேட்டார். நோயாளிகளை வரவேற்று உட்கார வைக்கத்தான் அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. வேலை கிடைத்துவிட்டது, 'உங்களைப் பத்திச் சொல்லுங்க' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே.

அன்று வேலைநாள்தான் என்றாலும் மகளுக்குப் போன் போட்டார். "ரொம்ப சந்தோஷம்ப்பா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்றாள். கூப்பிடவில்லை.

அடுத்த புதன்கிழமை சொல்லிவிடுவது என்றுதான் மாடியேறினார். ஆனால் அங்கே வேலை தேடி வரும் டீச்சரம்மா அவருடைய பயோடேட்டாவைத் தானாகவே புதிதாக டைப் செய்து கொண்டுவந்திருந்தார். பேக்கரிப் பையன் ஒரு விளம்பரத்தைக் கத்தரித்து வைத்திருந்தான். "இன்னும் ஒண்ணும் அமையலையா சார்? விடுங்க, உங்களுக்குக் கிடைக்காம யாருக்குக் கிடைக்கப் போவுது?" திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல மேனேஜர் வாயை மூடிக்கொண்டார். அந்த வாரம் போயிற்று, அதற்கடுத்த வாரமும் போயிற்று. மருத்துவமனை அடையாள அட்டையை நூலக வாசலில் கழுத்திலிருந்து கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் சந்தேகப்படாதவர்கள் முன்னால் பூசணிக்காய் நன்றாகவே மறைகிறது.

மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒருவர் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவர் சில வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் கேட்டே விட்டார்.

"யாரையாவது பாக்கணுமா?"

"இல்லைங்க. மேல ஒரு சேர் காலியானா கூப்பிடறேன்னு அக்கா சொல்லியிருக்காங்க."

"அதுக்கு வீட்லயே இருக்கலாமே? போன் பண்ணுவாங்களே."

"வீட்ல இருந்து என்னத்தைப் பண்ண, சுவத்தைத்தான் பாக்கணும்." அந்த ஆள் கூச்சத்தோடு சிரித்தார். "இங்க பேச்சுச் சத்தமாவது கேக்குது. உள்ள ஒருத்தரு 'முதல்ல தண்ணி குடிங்க'ன்னு சொல்லுவாருங்க. அதைக் கேட்டா ஒரு தெம்பு."

மேனேஜர் மிச்சப் படிகளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். தன் வழக்கமான நாற்காலிக்குப் போகவில்லை. எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"என்ன மேனேஜர், இடம் மாறிட்டீங்க?" அக்கா விளையாட்டாகவே அதிகாரி நாற்காலியில் அமர்ந்து, அவர் குரலிலேயே சொன்னார்: "உட்காருங்க. முதல்ல தண்ணி குடிங்க. ம், உங்களைப் பத்திச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எனக்கு வேலை கிடைச்சிடுச்சு. கிடைச்சுக் கொஞ்ச நாளாச்சு. சொன்னா இங்க வர முடியாது. நான் வரலேன்னா ஏன் வரலேன்னு கேக்கறதுக்கு எனக்கு இந்த ஒரு ரூம்தான் இருக்கு. அதான் சொல்லல."

யாரும் குறை சொல்லவில்லை. டீச்சரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேக்கரிப் பையன் அட்டையிலிருந்த போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவின் முகத்தில் கோபமும் இருந்தது, கோபப்பட முடியாத தவிப்பும் இருந்தது.

"படியில ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு, தெரியுமா?" என்றார்.

"தெரியும்க்கா. இப்பத்தான் பேசிட்டு வந்தேன்."

அக்கா சட்டத்தை மாற்றவில்லை. மாற்றச் சொல்ல இவருக்கும் வாய் வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். தன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கினார்.

"மேல போங்க, சேர் காலி" என்றார் படியிலிருந்தவரிடம்.

அந்த ஆள் எழுந்து சட்டையைச் சரிசெய்தார். குரலை அப்போதுதான் அடையாளம் கண்டுகொண்டார் போல. "நீங்கதானா அது! அப்ப இனிமே யாருங்க சொல்லுவா?"

"சொல்லுவாங்க, போங்க."

அந்த ஆள் மேலே போனதும் மேனேஜருக்கு உடனே இறங்கத் தோன்றவில்லை. அதே படியில் உட்கார்ந்தார். படி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மேலே பேக்கரிப் பையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உட்காருங்க. முதல்ல தண்ணி குடிங்க" என்றான். கொஞ்சம் வேகம்தான், போகப் போகச் சரியாகிவிடும். வந்தவர் முதலில் திக்கினார், அப்புறம் பேச ஆரம்பித்தார். பழைய வேலை, அது போன விதம், இனி என்ன செய்ய ஆசை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். மாடியேறிப் போய் அதை அவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது மேனேஜருக்கு. இனிமேல் அது தன் வேலை இல்லை என்று அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.